வெட்டாத பிரதி

செப்டம்பர் 5, வியாழன்

கைலாசத்துக்கு இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி இருதய அறுவைச் சிகிச்சை. தகவல் சொன்னது என் மனைவி வடிவு. அவளுக்குத் தொலைபேசியில் சொன்னது கைலாசத்தின் மனைவி சொர்ணம். மூன்று அடைப்பு. இடம் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை. எத்தனை மணிக்கு என்று இன்னும் சொல்லவில்லை.

கைலாசம் என் தம்பி. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறான். பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். பன்னிரண்டு வருடமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பத்திரிகை நிருபராக ஓய்வு பெறும் வரை செய்திக்காக அந்த ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன். அவன் தெருவுக்குப் போனதில்லை.

பகல் பதினொரு மணிக்கு இன்னொன்று வந்தது. என் மகள் பூரணியின் கல்யாணத்தைப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் செல்லப்பா, கடையை மூடிவிட்டு மகனோடு ஓசூர் போகிறாராம். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

"ஒரிஜினல் சார். வெட்டாதது. உங்களுக்கு அப்ப குடுத்தது ரெண்டு மணி நேர டிவிடி. இதுல மூணு மணி நாப்பத்திரண்டு நிமிசம் இருக்கு. ஃபுல் எச்டி. தூக்கிப் போட மனசு வரல."

என் மடிக்கணினியில் செருகினேன். 2010இல் அலுவலகம் கொடுத்தது. ஓய்வு பெற்றபோது என்னிடமே விட்டுவிட்டார்கள். ஒன்பது கோப்புகள் இருந்தன. முதலாவதைத் திறந்தேன். மண்டப வாசலில் கட்டிய வாழைமரம் கண்ணாடி போலத் தெரிந்தது. அதோடு படம் நின்றுவிட்டது. நாதஸ்வரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. நான்கு விநாடி கழித்துப் படம் ஒரு தாவு தாவி, பன்னீர் தெளிக்கும் பெண்ணின் முழங்கையில் நின்றது.

செப்டம்பர் 6, வெள்ளி

தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். திறந்திருந்த மற்ற எல்லாவற்றையும் மூடினேன். வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். இணையத்தைத் துண்டித்தேன். படம் நான்கு விநாடிக்குப் பதில் மூன்று விநாடிக்கு ஒருமுறை தாவுகிறது.

வடிவு காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "எதிர்வீட்டு டீவில மாட்டினா ஓடும்லா? பெருசாவும் தெரியும்."

"எதிர்வீட்டுக்காரங்க எதுக்குப் பாக்கணும்?"

"பூரணி கல்யாணத்துக்கு அவங்களும் வந்து சாப்பிட்டவங்கதான்."

மடிக்கணினியை மூடிவைத்தேன்.

பதிவுக்காக, நடந்ததை எழுதி வைக்கிறேன். 2012 செப்டம்பர் 9, ஞாயிறு. முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அதிகாலையிலேயே எல்லோரும் மண்டபத்தில் இருந்தோம். ஆறு பத்துக்கு எனக்கு ஓர் அழைப்பு. இருபத்தைந்து கிலோமீட்டரில் ஒரு பேருந்து கால்வாயில் கவிழ்ந்திருந்தது. எட்டரைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டுப் போனேன். இறந்தவர்களின் பெயர்களை உறுதி செய்யாமல் கிளம்ப முடியவில்லை. ஒன்பது மணிக்குக் கைலாசத்தைத் தொலைபேசியில் பிடித்து அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னேன். பிறகு சிக்னல் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. என் இடத்தில் கைலாசம் உட்கார்ந்து என் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்திருந்தான்.

டிவிடியை ஒரு தடவை பார்த்தேன். மேளம், மணமேடை, கைலாசமும் சொர்ணமும் மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுத்தது தாலி. இடையில் ஒன்றும் இல்லை. காத்திருந்ததற்கு அடையாளமே இல்லை.

நான் வந்து சேர்ந்த நேரம் பதினொன்று ஐந்து.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மிச்சம் இருந்தது. புனேயிலிருந்து பூரணி பேசினாள்.

"அப்பா, டிஸ்க்லேருந்து நேரா ஓட்டாதீங்க. அந்த ஒயரு ஸ்லோ. மொதல்ல லேப்டாப்புக்குள்ள காப்பி பண்ணுங்க. அப்புறம் நான் சொல்ற ப்ளேயரப் போடுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"உங்க லேப்டாப்புக்கா? ஒரு புஸ்தகம் எடுத்து வச்சுக்குங்க." பிறகு குரல் மாறியது. "சித்தப்பாகிட்ட பேசினேன். நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க. நீங்க பேசினீங்களா?"

"படம் ஓடட்டும்."

"படத்துக்கும் அதுக்கும் என்னப்பா?"

கோப்புகளைப் பிரதி எடுக்க இரண்டு மணி ஐந்து நிமிடம் ஆனது. பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. புத்தகம் எதுவும் எடுக்கவில்லை.

தொலைநகல் வருவதற்கு முன்னால் நாங்கள் செய்தி அனுப்பிய விதத்தை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. 1981இல் நான் அம்பாசமுத்திரத்தில் பகுதிநேர நிருபர். வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே 'செய்தி, அவசரம்' என்று எழுதுவேன். மாலை ஐந்து இருபது பேருந்தில் கண்டக்டரிடம் கொடுத்தால் அவர் திருநெல்வேலி நிலையத்தில் எங்கள் ஆளிடம் சேர்ப்பார். கடைசி வரியை எழுதி முடிக்கும்போது எப்போதும் ஐந்து பத்து ஆகியிருக்கும். உறையை வாங்கிக்கொண்டு கைலாசம் ஓடுவான். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தான் அப்போது. பேருந்து கிளம்பிவிட்டால் பாலம் வரை குறுக்கே ஓடி நிறுத்துவான். கண்டக்டர்கள் அவனைத் திட்டுவார்கள். பிறகு அவனுக்காக மணியடிக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். மூன்று வருடம். ஒரு செய்திகூடத் தவறவில்லை.

பிரதி முடிந்தது. புதிய ப்ளேயரில் இரண்டு விநாடிக்கு ஒரு தாவு.

செப்டம்பர் 9, திங்கள்

பூரணிக்குத் திருமண நாள். வாழ்த்தினேன். படம் ஓடவில்லை.

செப்டம்பர் 11, புதன்

இன்று ஒன்று நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறாவது கோப்பு. படம் நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தில் நின்றுவிட்டது. ஓரத்தில் கேமராவின் நேரம், 9.51. ஒலி மட்டும் ஓடியது. மேளத்துக்கு ஊடே ஓர் ஆண் குரல்:

"இன்னும் பத்து நிமிசம் சாமி. அண்ணன் வந்துருவாரு. வராம இருக்க மாட்டாரு."

ஐயர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. மறுபடி அதே குரல்: "பத்தரை வரைக்கும் இருக்குல்லா? இருக்குன்னு நீங்கதான சொன்னிய?"

வடிவு அடுக்களையிலிருந்து வந்து என் பின்னால் நின்றாள்.

"கேட்டியளா?"

"கேட்டேன்."

"நான் பன்னெண்டு வருசமா இதத்தான் சொல்லுதேன். நீங்க அரை மணின்னு சொன்னதுக்கு ஒண்ணே கால் மணி நேரம் நின்னாரு அந்த மனுசன்."

"யார் குரல்னு தெரியல."

"கூடப் பொறந்தவன் குரல் தெரியலையாக்கும்?"

"மேளம் ஊடே கேக்குது. பங்காளி யாராவதாக்கூட இருக்கலாம். ஆளப் பாக்காம எப்படிச் சொல்றது?"

வடிவு என்னைப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள். மத்தியானம் தட்டை முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

நாற்பது வருடம் நான் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு. காதால் கேட்டது செய்தி அல்ல, துப்பு. கண்ணால் பார்த்தவர் ஒருவரிடம், முடிந்தால் இருவரிடம், கேட்ட பிறகே அது செய்தி. வடிவு கண்ணால் பார்த்தவள்தான். ஆனால் அவள் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். மேளக்காரர்கள் பக்கம் நடந்ததை அங்கிருந்து சரியாகப் பார்த்திருக்க முடியாது. அவள் கைலாசத்துக்கு வேண்டியவளும்கூட.

செப்டம்பர் 13, வெள்ளி

மத்தியப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஜெசிந்தாவின் கடை. கணினி பழுது பார்க்கிறாள். பழைய இயந்திரங்களை விரட்டாமல் தொடுகிறவள் அவள் ஒருத்திதான் என்று தெரிந்த அச்சகத்துக்காரர் ஒருவர் சொன்னார். மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றாள். எனக்கா அதற்கா என்று தெரியவில்லை.

காற்றாடிக்குள் இருந்த தூசியை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினாள். சிறு பூனைக்குட்டி அளவு இருந்தது. சூடு ஏறினால் இயந்திரம் தானாகவே மெதுவாகிவிடுமாம். நினைவகத்தை இரண்டிலிருந்து நான்கு ஜிபி ஆக்கினாள். ஓட்டிப் பார்த்தோம். தாவல் குறைந்தது. ஆனாலும் கூட்டம் தெரியும் காட்சிகளில் நிற்கிறது.

"சார், ஈசியா ஒரு வழி இருக்கு. படத்தச் சின்னதா மாத்தித் தாரேன். எச்டில பாதி. உங்க மெசின் அழகா ஓட்டும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது."

"சின்னதாக்கினா என்ன போகும்?"

"ஒண்ணும் போகாது. தூரத்துல நிக்கிறவங்க மூஞ்சி கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்."

வேண்டாம் என்றேன். ஏற்கெனவே ஒரு சுருக்கிய பிரதியைப் பார்த்திருக்கிறேன். நான் அனுப்பிய நாற்பது வரியை ஆசிரியர் குழு மேசையில் பன்னிரண்டாக வெட்டுவார்கள். மறுநாள் அதைப் படித்துவிட்டு ஊர்க்காரர்கள் என்னைக் கேட்பார்கள், 'எங்க பக்கத்து நியாயத்த எழுதவே இல்லையே' என்று. எழுதியிருந்தேன், வெட்டிவிட்டார்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

இந்த டிவிடியையும் ஒருவர் வெட்டித்தான் செய்திருப்பார். அது எனக்கு இன்றைக்குத்தான் தோன்றியது.

"அப்ப திங்கக்கிழம விட்டுட்டுப் போங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "நிதானமாப் பாக்கணும். இது வேற என்னமோ."

செப்டம்பர் 14, சனி

சொர்ணம் பேசினாளாம். அறுவை காலை ஏழரைக்கு. மகன் துபாயிலிருந்து இருபத்திரண்டாம் தேதி வருகிறான். வடிவு இதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

செப்டம்பர் 16, திங்கள்

காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. தகவல்: ஜெசிந்தா. நானும் கண்ணால் பார்த்தேன்.

பத்து நிமிடம் எதையெதையோ திறந்து மூடியவள், திடீரென்று கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், இத யாரு இப்படி வச்சது?"

மின்சார அமைப்புப் பக்கம் திறந்திருந்தது. 'பிராசஸர் அதிகபட்சம்' என்ற வரிக்கு நேரே ஐம்பது சதவீதம்.

"எவ்வளவு வேல குடுத்தாலும் பாதிக்கு மேல ஓடாதேன்னு அதுக்கு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. பாவம், அது சொன்னபடி கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

வைத்தது நான். 2011. அப்போது ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மின்வெட்டு. வெள்ளம், மறியல், பிரேதப் பரிசோதனை என்று எங்கேயாவது நின்று செய்தி அடிப்பேன், சார்ஜ் போட இடம் இருக்காது. தலைமை அலுவலகத்துக் கணினிக்காரர் தொலைபேசியில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். பேட்டரி ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரமானது. எழுத்து அடிப்பதற்குப் பாதி வேகமே தாராளம். திருப்பி வைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

ஜெசிந்தா அதை நூறு ஆக்கினாள். ப்ளேயரிலும் ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள். இனிப் படத்தை விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் சிப் எடுத்துக்கொள்ளுமாம். முதல் கோப்பைப் போட்டாள். பன்னீர் தெளிக்கும் பெண் முழங்கையை மடக்கி, தெளித்து, சிரித்து, அடுத்தவருக்குத் திரும்பினாள். ஒரு துளிகூடத் தடுக்கவில்லை.

"போதும்மா, நிறுத்து. வீட்டுல பாத்துக்கிறேன்."

செப்டம்பர் 17, செவ்வாய்

பகல் பத்தரை மணிக்கு உட்கார்ந்தோம். நானும் வடிவும். எழுந்தது மூன்று மணிக்கு. நடுவில் சாப்பிட்டோம்.

வடிவு பாதி நேரம் செத்துப்போனவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். "இந்தா, எங்க மாமா. இந்தா, பெரிய தெரு லட்சுமணன். யாத்தே, இவளுக்கு அப்ப எம்புட்டு முடி." பூரணி இருபத்துநான்கு வயதில் அரக்குப் பட்டில் வந்தாள். கொட்டாவி விட்டதைக் கேமரா பிடித்திருக்கிறது. டிவிடியில் அதையும் வெட்டியிருந்தார்கள். ஏன் வெட்டினார்கள் என்று தெரியவில்லை. படம் முழுவதிலும் அதுதான் எனக்குப் பிடித்தது.

இனி, கேமராவின் நேரப்படி.

9.04: கைலாசம் காதில் தொலைபேசியோடு வாசலில் நிற்கிறான். தலையாட்டுகிறான். நான் பேசிய அழைப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

9.35: சம்பந்தி அருகில் வந்து நான் எங்கே என்று கேட்கிறார் போலிருக்கிறது. கைலாசம் சிரித்து, பந்திப் பக்கம் கையைக் காட்டுகிறான். ஒலி தெளிவாக இல்லை. "அங்கதான் நிக்காங்க" என்று சொல்வது உதட்டில் தெரிகிறது.

9.51: ஐயரிடம் பேசுவது அவனேதான். முகம் முழுதாகத் தெரிகிறது. உறுதி.

அதன்பிறகு தெருவுக்கு ஓடுகிறான், வருகிறான். நான் எண்ணினேன், ஏழு தடவை. ஐம்பதைத் தாண்டிய ஆள், பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மேடையில் பெண்ணைப் பெற்றவர்கள் உட்காரும் மணை காலியாக இருக்கிறது. பூரணி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

10.16: ஐயர் எழுந்து கைகாட்டிக் கூப்பிடுகிறார். கைலாசம் வடிவின் அண்ணனை உட்காரச் சொல்கிறான். அவர் மாட்டேன் என்கிறார். வடிவு கைலாசத்திடம் வந்து ஏதோ சொல்கிறாள்.

"என்ன சொன்ன நீ?"

"நீங்க உக்காருங்க கொழுந்தனாரே, பிள்ள முகம் வாடுதுன்னேன். நான்தான் சொன்னேன். அவரா உக்காரல."

10.19: கைலாசமும் சொர்ணமும் உட்காருகிறார்கள். ஐயர் கேட்கிறார், "கன்னிகாதானம் பண்றவர் பேரு?" கைலாசம் சொல்கிறான், "ஆவுடைநாயகம்." ஐயர் நிமிர்ந்து, "உம்ம பேரைச் சொல்லும் ஓய்" என்கிறார். "அண்ணன் பிள்ள சாமி. அவுக பேருலதான் குடுக்கணும். கை மட்டும் என்னோடது, அவ்வளவுதான்." ஐயர் ஒரு கணம் யோசித்து, என் பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடங்குகிறார்.

10.24: தாலி.

இதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் தடுக்காமல் ஓடியது.

வடிவு மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்ததையும் போடுங்க" என்றாள். ஒன்பதாவது கோப்பு 11.02க்குத் தொடங்குகிறது.

நேரமாகிவிட்டதால் அத்துடன் நிறுத்தினேன்.

செப்டம்பர் 19, வியாழன்

காலை எட்டேகால் பேருந்து. ஒன்பது இருபதுக்கு அம்பாசமுத்திரம். வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருந்தது, தெருவில் பாதி வீடு மாடியாகிவிட்டது.

கதவைத் திறந்தது சொர்ணம். "அத்தான்" என்றாள். வாங்க என்று சொல்ல மறந்து உள்ளே போய்விட்டாள். கைலாசம் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். இளைத்திருக்கிறான். பேப்பரை மடித்தான்.

"வாங்க. என்ன, எதுவும் நியூஸா?"

"ஒனக்கு ஆபரேசன்னு வடிவு சொன்னா."

"அது அஞ்சாந்தேதி நியூஸ்லா. இன்னைக்குப் பத்தொம்பது. லேட் எடிசனா?"

"படம் ஓடல."

"எந்தப் படம்?"

சொன்னேன். டிஸ்க் வந்தது, தாவியது, தூசி, நினைவகம், ஐம்பது சதவீதம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டான். பாதி வேகத்தில் நான்தான் கட்டிவைத்திருந்தேன் என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்து இருமினான். சொர்ணம் ஓடி வந்து, "ரொம்பச் சிரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அத்தான்" என்றாள்.

"அப்ப, பாத்துட்டுத்தான் வாறீய."

"ஆமா."

"பாக்கலன்னா?"

 பேப்பரை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு அவனே அடுத்ததைக் கேட்டான்.

"அன்னைக்கு அந்தப் பஸ் நியூஸ் பேப்பர்ல எத்தன காலம் அகலத்துல வந்துச்சு?"

"மூணு காலம். ஆறாம் பக்கம்."

"அம்புட்டுத்தானா?"

"அன்னைக்கு விளம்பரம் ஜாஸ்தி."

மறுபடி சிரித்தான். சொர்ணம் அவனை அதட்டினாள். காப்பி வந்தது. எனக்குச் சர்க்கரை போடாமல் கொண்டுவந்திருந்தாள். எனக்குச் சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. வடிவு எல்லாச் செய்தியையும் ஒழுங்காகச் சேர்த்திருக்கிறாள்.

நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தேன். "கைலாசம், அன்னைக்கு நான் பந்தில எல்லார் முன்னாலயும் வச்சு ஒன்ன..."

"ஒம்பதாவதப் பாத்தியளா?"

"இல்ல."

"ஏன்?"

"நேரமாயிட்டு."

தம்ளரைக் கீழே வைத்தான். "நீங்க பேசுன அந்த வார்த்த எனக்கு மனப்பாடம். இன்னைக்கும் அப்படியே சொல்லுவேன். ஆனா நான் அப்ப எலைக்குக் குனிஞ்சு பரிமாறிட்டு இருந்தேன். நிமிரவே இல்ல. உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு பாக்கல. பன்னெண்டு வருசமா நானாத்தான் ஒரு மூஞ்சிய நெனச்சு வச்சிருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நீங்க தனியாப் பாத்துராதீய. நான் வெளிய வந்தப்புறம் சேந்து பாப்போம்."

சரி என்றேன்.

பேருந்து நிலையம் வரை வருவேன் என்று கிளம்பினான். சொர்ணம் விடவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

மருமகன் துபாயிலிருந்து வந்துவிட்டான். மருமகன் என்று எழுதியது தவறு. தம்பி மகன். அவனும் எனக்கு மகன்தான். திருத்தம் பதிவு செய்யப்படுகிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

காலை ஏழு நாற்பதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி கைலாசம் என் தோளில் தொங்கிய மடிக்கணினிப் பையைப் பார்த்து, "அதையும் தூக்கிட்டு வந்துட்டியளா?" என்றான்.

சொர்ணம், அவள் மகன், வடிவு, நான். நான்கு பேரும் மூன்றாம் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருக்கிறோம். பூரணி மாலை விமானத்தில் வருகிறாள். பதினொன்றே காலுக்குச் செவிலியர் ஒருவர் வெளியே வந்து, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றார். பெயர் கேட்டேன். ஜோஸ்பின். உள்ளே இருந்து நேரில் பார்த்தவர்.

வடிவு பையைத் தட்டிப் பார்த்து, "இங்க வச்சு யாருக்குப் படம் காட்டப் போறிய?" என்று கேட்டாள். வீட்டில் வைத்துவிட்டு வந்தால் நான் ஒன்பதாவதைத் திறந்துவிடுவேனோ என்ற பயம் என்று அவளிடம் சொல்லவில்லை. வீட்டில் நான் இல்லையே, எப்படித் திறப்பேன் என்பாள்.

இப்போது மணி பன்னிரண்டு இருபது. அறுவை முடிந்ததா என்பது ஒரு மணிக்குள் தெரியும் என்கிறார்கள். கண்ணாடி வழியாக ஒருவர் பார்க்க மாலை ஐந்து மணிக்கு அனுமதி. எல்லாம் சரியாக நடந்தால் அக்டோபர் ஒன்று, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது கோப்பு, பதினேழு நிமிடம், அதுவரை நிலுவை.